இரண்டு கொப்பியும் ஒரே பையில்: நெஞ்சு வருத்தத்தோடு சீனியும் உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. அதற்குள் அப்பாவின் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று நெஞ்சு கிளினிக்குடையது, மற்றது சீனி, பிரஷர் கிளினிக்குடையது. நாலு வருஷமாக இவற்றைத் தனித்தனியாகத்தான் கொண்டுபோனோம். நெஞ்சுக்குப் போகிற நாளில் சீனிக் கொப்பி அலுமாரியில் கிடக்கும். சீனிக்குப் போகிற நாளில் நெஞ்சுக் கொப்பி கிடக்கும். ஒரு கொப்பியில் எழுதுகிற மருந்து அடுத்த கொப்பியில் இருக்கிற நோயை ஏற்றிவிடும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அப்பா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இஸ்டோரில் தூள் சலிக்கிற வேலை பார்த்தவர். பீடியும் குடித்தார். இப்போது அவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்மார் சிஓபிடி என்கிறார்கள். சீனி வருத்தமும் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள புதிதாக வந்திருக்கிற மகளுக்கோ மருமகளுக்கோ பேரனுக்கோ உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் இதில் வழி இல்லை, அதை கிளினிக்கில்தான் கேட்கவேண்டும். எதை, எப்போது கவனிப்பது, யாரிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில்: என்ன நோய் என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"எங்க தாத்தாவுக்கு இழுப்பு" என்று சொல்லிக்கொண்டே பத்து வருஷத்தை ஓட்டிவிடுகிறோம். இழுப்பு என்பது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், சிஓபிடியாகவும் இருக்கலாம், இதய வருத்தமாகவும் இருக்கலாம். சிஓபிடிதானா என்று உறுதியாகச் சொல்ல ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கிற பரிசோதனை வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்கவைத்த பிறகு, பலம்கொண்ட மட்டும் ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியே வருகிற காற்று, மொத்தமாக ஊதிய காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

பீடி, சிகரெட் குடிக்காதவர்களுக்கு இது வராது என்று நினைக்கவேண்டாம். கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறை, ஜன்னலே இல்லாத குசினியில் முப்பது நாற்பது வருஷம் எரித்த நம் அம்மாமார், பாட்டிமாருக்கும் இதே நோய் வருகிறது. ஈரமான மிலாறு எரிகிறபோது வருகிற புகையைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? சிறுவயதில் வந்த காசநோயின் தழும்பும், வேலைத்தலத்துத் தூசியும்கூட நுரையீரலைப் பாதிக்கும்.

சீனி பக்கத்தில், எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. ஆனால் இரத்தசோகை உள்ளவருக்கு இந்த எண் சரியாக வராமல் போகலாம். நம் பெண்களுக்கு இரத்தம் குறைவாக இருப்பது சாதாரணம் என்பதால் இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கவேண்டும்

சிஓபிடி உள்ளவருக்கு வருஷத்தில் ஓரிரு தடவை திடீரென்று மோசமாகும். சளி கூடும், நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும், மூச்சு வாங்கும். அந்த நாட்களில் சீனி மூன்று வழியில் ஏறுகிறது. முதலாவது, உடம்பு படுகிற பாட்டில் கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹோர்மோன்கள் சுரந்து இரத்தத்தில் சீனியைக் கொட்டும். இரண்டாவது, மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கக் கொடுக்கிற பிரெட்னிசோலோன் மாத்திரையும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் ஸ்டீரொயிட் இனம். அவை சீனியை நன்றாகவே ஏற்றும். மூன்றாவது, மருந்தைப் புகையாக்கி இழுக்கவைக்கிற நெபுலைசரில் வைக்கிற, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோலும் கொஞ்சம் ஏற்றும். நீரிழிவு இல்லாதவருக்குக்கூட அந்த நாட்களில் சீனி ஏறலாம்.

ஏறினால் என்ன ஆகிறது? லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், சிஓபிடி மோசமாகி வாட்டில் சேர்ந்த 284 பேரின் சீனி அளவைப் பார்த்து, அந்த ஆய்வை 2006இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சீனி 108க்குக் கீழே (இதில் வரும் சீனி எண்கள் எல்லாம் mg/dl கணக்கு) இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 162க்கு மேலே இருந்தவர்கள் இறப்பதற்கோ நீண்ட நாள் வாட்டில் கிடப்பதற்கோ ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு இருந்தது. 126 முதல் 160 வரை இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடத்தான் இருந்தது. அதாவது, "கொஞ்சம்தானே கூட" என்று விடக்கூடிய அளவிலேயே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. சீனி கூடக்கூட அவர்கள் சளியில் பலவகைக் கிருமிகள் ஒன்றாக இருப்பதும் கூடியது.

கிருமி ஏன் கூடுகிறது என்பதற்கும் காரணம் சொல்கிறார்கள். மூச்சுக்குழாயின் உள்சுவரில் மெல்லிய ஈரப்படலம் இருக்கிறது. சாதாரணமாக அதில் சீனி மிகக் குறைவு. இரத்தத்தில் சீனி கூடும்போது அந்த ஈரத்திலும் அது கசிந்து, கிருமிக்குத் தீனியாகிறது. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களின் வேகமும் சீனி கூடிய இரத்தத்தில் குறைந்துபோகிறது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். சீனி கூடியவருக்கு முடிவு மோசமாக இருந்தது என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. நோய் கடுமையாக இருந்ததால் சீனியும் ஏறியிருக்கலாம். ஆகவே சீனியை அடிமட்டத்துக்கு இறக்கினால் பிழைத்துவிடுவார் என்று யாரும் நினைக்கக்கூடாது. 2009இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களின் சீனியை 81க்கும் 108க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தபோது, 180 வரை விட்டவர்களைவிட அதிகம் பேர் இறந்தார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 140 முதல் 180 வரை வைத்திருக்கப் பார்க்கிறார்கள். நேர்ஸ் மிஸ் "170 நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் பயப்படவேண்டாம்.

சீனி பார்க்கிற மீட்டர் வாங்கிய பிறகு

நம் மலைப்பக்கத்துக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன.

குளிர்: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாத விடியற்காலையில் பனி கொட்டும். பெரும்பாலான மீட்டர்கள் சுமார் 10 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, பிழைக்குறி காட்டும். மீட்டரையும் ஸ்ட்ரிப் போத்தலையும் பத்து நிமிஷம் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். அடுப்புக் கல்லில் மட்டும் வைக்காதீர்கள்.

ஈரம்: ஸ்ட்ரிப் போத்தலின் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்தவுடன் 'டக்' என்று சத்தம் வருகிற மாதிரி மூடவேண்டும். மிஸ்ட் இறங்குகிற பின்னேரத்தில் மூடி திறந்து கிடந்தால் மிச்ச ஸ்ட்ரிப் எல்லாம் பழுது.

கை: இதை எங்கள் அனுபவத்தில் படித்தோம். ஒருநாள் பின்னேரம் அப்பாவுக்கு 290 காட்டியது. வீடே பதறிப்போனது. அம்மாதான் அவர் விரலைப் பார்த்துவிட்டு, "கருப்பட்டி பிசுபிசுன்னு இருக்கே" என்றார். வெறும் தேத்தண்ணியோடு ஒரு துண்டு கருப்பட்டி கடித்திருக்கிறார். வெந்நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, திரும்பக் குத்திப் பார்த்தால் 164. அன்றிலிருந்து கை கழுவாமல் மீட்டரைத் தொடுவதில்லை. வெந்நீரில் கழுவினால் விறைத்த விரலிலும் இரத்தம் வரும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும்.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவி வைத்திருந்தால் அதுவும் குளிர்ந்த விரலில் பொய் சொல்லும். இவ்வளவு உயரத்தில் இருக்கிற நமக்கு அந்த எண் கொழும்பில் இருப்பவரைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். சுகமாக இருக்கிற ஒரு நாளில் அவருடைய வழக்கமான எண்ணைக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவையுங்கள். வருத்தமான நாளில் அதோடுதான் ஒப்பிடவேண்டும்.

சுகமான நாட்களில்

பம்பை (இன்ஹேலரை) ஒழுங்காக இழுக்கிறாரா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் மிஸ்ஸுக்கு முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீரொயிட் கலந்த பம்ப் என்றால் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். சீனி உள்ளவருக்கு வாயில் வெள்ளைப் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். பம்பில் உள்ள ஸ்டீரொயிட்டின் அளவு மாத்திரையோடு பார்க்க மிகக் குறைவு. சீனி ஏறும் என்று பயந்து பம்பை நிறுத்திவிடாதீர்கள்.

பீடியை விடவேண்டும். அடுப்புக்குப் புகைபோக்கியோ, முடிந்தால் காஸ் அடுப்போ வேண்டும். தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், இன்புளுவென்சாவுக்கும் நிமோனியாவுக்கும் இருக்கிறது. லயத்து வாசலில் தினம் கொஞ்சம் நடப்பது நெஞ்சுக்கும் சீனிக்கும் சேர்த்து நல்லது.

சளி முற்றிய நாளில்: காலைச் சீனியை மட்டும் நம்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட்னிசோலோன் பொதுவாக ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வீதம் 5 நாளைக்குக் கொடுக்கிறார்கள். 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. காலையில் சாப்பிட்டபிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்வார்கள். எட்டு மாத்திரையைக் கையில் பார்த்ததும் அப்பா, "பிழையா எழுதிட்டாங்களோ" என்று கேட்டார். பிழை இல்லை. இரண்டு காலை, இரண்டு மத்தியானம் என்று நாமாகப் பிரித்துக் கொடுத்தால் இரவில் தூக்கமும் போய், இரவுச் சீனியும் ஏறும்.

காலையில் போட்ட மாத்திரை சில மணித்தியாலம் கழித்துத்தான் சீனியை ஏற்றத் தொடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஏறி, பின்னேரமும் இரவுச் சாப்பாடு வரைக்கும் உச்சத்தில் நிற்கும். பிறகு விடியும்போது இறங்கிவிடும். நாம் என்ன செய்கிறோம்? வழக்கம்போல வெறும் வயிற்றில் காலை ஆறு மணிக்குப் பார்த்து, "118, பரவாயில்லை" என்று மூடிவைக்கிறோம். அதே மனிதருக்குப் பின்னேரம் நாலு மணிக்கு 340 இருக்கும்.

ஆகவே அந்த ஐந்து நாளும் இப்படிப் பாருங்கள்: காலை வெறும் வயிற்றில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை. ஸ்ட்ரிப் விலை நமக்குத் தெரியும். மூன்று முடியாது, ஒன்றுதான் முடியும் என்றால் அந்த ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். நேரத்தோடு எழுதுங்கள். '280' என்று மட்டும் இருந்தால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. 'மாலை 6, சாப்பிட முன், 280, பிரெட்னிசோலோன் 3ஆம் நாள்' என்று இருந்தால் பார்த்தவுடன் விளங்கும்.

இரண்டு தடவை தொடர்ந்து 250க்கு மேல் போனால் அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் மருந்து எழுதிய இடத்துக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போய்க் காட்டுங்கள். 300க்கு மேல் நிற்கிறது, தாகம் அடங்கவில்லை, அடிக்கடி சிறுநீர் போகிறது, வாந்தி வருகிறது என்றால் அன்றைக்கே போகவேண்டும்.

சீனி ஏறுகிறதே என்று பிரெட்னிசோலோனை இரண்டாம் நாளோடு நிறுத்துவதும் நடக்கிறது. அது ஆபத்து. அந்த மாத்திரைதான் மூச்சுக்குழாயைத் திறந்துவைக்கிறது. மாத்திரை ஓடட்டும், சீனிக்கு வேறு வழி டாக்டர் பார்ப்பார். அதேபோல 5 நாள் என்றால் 5 நாளோடு முடியட்டும். 2013இல் சுவிட்சர்லாந்தில் 314 பேரிடம் செய்த ஆய்வில், 5 நாள் கொடுத்தவர்களும் 14 நாள் கொடுத்தவர்களும் அடுத்த ஆறு மாதத்தில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். போன தடவை மிஞ்சிய மாத்திரையை இழுப்பு வரும்போதெல்லாம் இரண்டு இரண்டாகப் போடுகிற பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. சீனியும் ஏறி, எலும்பும் தேய்ந்து, நோயும் மறைந்து நிற்கும். மிஞ்சியதைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது

ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, உதடும் நகமும் நீலமாவது, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுவது, ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, இதில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய நம்பர், எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்று சொல்லி, ஒருவரை டோர்ச் லைட்டோடு சந்தியில் நிறுத்துங்கள். டிவிஷன் பாதைக்கு அம்புலன்ஸ் ஏறாது என்றால், சந்தி வரைக்கும் இறக்க ஒரு த்ரீவீலரை முன்கூட்டியே பேசிவையுங்கள். டிக்கோயாவோ நுவரெலியாவோ பதுளையோ, எந்த ஆஸ்பத்திரியானாலும் வாசலில் சொல்லவேண்டியது இவ்வளவுதான்:

"இவருக்கு சிஓபிடி. சீனியும் இருக்கு. இந்தச் சீனி மருந்து போடுறாரு, கடைசியா இத்தனை மணிக்குப் போட்டாரு. போன தடவை ஸ்டீரொயிட் போட்டப்போ சீனி 340 வரைக்கும் போச்சு."

அவசரத்தில் மூச்சைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதுதான் சரி. ஆனால் நீங்கள் சொல்லிவிட்டால் சீனியும் கண்ணில் படும். மெட்போர்மின் என்ற சீனி மாத்திரை போடுகிறவர் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஒட்சிசன் மிகவும் குறைந்த நிலையில் அந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள், இரத்தத்தில் அமிலம் சேரும் என்பதால். அப்படி நிறுத்தச் சொன்னால் வீட்டில் நாமாகத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது.

இன்னொன்று. ஒட்சிசன் 88 முதல் 92 வரை நின்றால் போதும் என்றுதான் சிஓபிடிக்காரருக்கு வைப்பார்கள். அதற்கு மேல் அள்ளிக் கொடுத்தால் சிலருக்குக் காபனீரொட்சைட்டு தேங்கி மயக்கம் வரும். "இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்க மிஸ்" என்று கெஞ்சவேண்டாம், நீங்களாகத் திருகவும் வேண்டாம்.

வாட்டில் இன்சுலின் போட்டால், "ஊசிக்குப் போனால் கடைசிக் கட்டம்" என்று அழுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீரொயிட் ஏற்றுகிற சீனியை அந்தச் சில நாளுக்கு அடக்க இன்சுலின்தான் கைகண்ட மருந்து. பலருக்கு வீட்டுக்கு வரும்போதே நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பயந்த அளவு, வீட்டுக்கு வந்தபிறகு நாங்கள் பயப்படவில்லை. அதுதான் தவறாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவை வாட்டிலிருந்து கூட்டி வந்தோம். பிரெட்னிசோலோன் இன்னும் இரண்டு நாளைக்கு இருந்தது. இன்சுலின் அளவை வாட்டில் கூட்டியிருந்தார்கள், அதே அளவு வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டில் எழுதியிருந்தது. மாத்திரை முடிந்தபின் இன்சுலினைக் குறைக்கவேண்டுமா என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மாத்திரை முடிந்த அடுத்த நாள் இரவு இரண்டு மணிக்கு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நடுங்கினார். நெஞ்சு படபடக்குது என்றார். குளிர் நேரம், ஆனாலும் பனியன் வேர்வையில் நனைந்திருந்தது. நான் இழுப்பு என்று நினைத்துப் பம்பைக் கொடுத்தேன். நாலு தடவை இழுத்தார். நடுக்கம் இன்னும் கூடியது. அம்மா மீட்டரை எடுத்து வந்தார். 48.

பம்பில் இருக்கிற சல்பியூட்டமோலும் நடுக்கமும் படபடப்பும் தரும், சீனி இறங்கினாலும் நடுக்கமும் படபடப்பும் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வேர்வை, பசி, பேச்சுக் குழறல் இருந்தால் சீனி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் மீட்டர்தான் உண்மையைச் சொல்லும். ஆகவே நடுங்குகிறவருக்கு பம்பையும் மீட்டரையும் ஒன்றாக எடுங்கள்.

70க்குக் கீழே என்றால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பால், பிஸ்கட் மெதுவாகத்தான் ஏற்றும். 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறியபின் ஒரு துண்டு ரொட்டியோ கொஞ்சம் சோறோ சாப்பிடவையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. சரித்துப் படுக்கவைத்து 1990.

பிரெட்னிசோலோன் நின்று ஓரிரு நாளில் சீனி இறங்கிவிடும். அதற்காகக் கூட்டிய இன்சுலினோ கிளிக்கிளசைட் மாத்திரையோ அப்படியே நின்றால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்: பிரெட்னிசோலோன் எந்தத் தேதியோடு முடியும்? அதற்குப் பிறகு இன்சுலின் எவ்வளவு? சீனி எவ்வளவுக்குக் கீழே போனால் வந்து காட்டவேண்டும்? நீரிழிவு இல்லாதவருக்கு வாட்டில் சீனி ஏறியிருந்தால், பிறகு எப்போது எச்பிஏ1சி பார்ப்பது? கார்டு விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினாலும் படித்துச் சொல்வார்கள்.

இன்சுலின் வைக்க ப்ரிஜ் இல்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள். திறந்த போத்தல் நம் குளிருக்கு அறையிலேயே சுமார் நாலு வாரம் இருக்கும். அடுப்படியிலும் வெயில்படுகிற ஜன்னலிலும் வைக்காமல், ஒரு மண்சட்டிக்குள் வைத்து மூடிவையுங்கள். திறந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள்.

சாப்பாடு

சீனி உள்ளவருக்குச் சாப்பாட்டைக் குறை என்பார்கள். சிஓபிடி உள்ளவரோ மூச்சு வாங்கி வாங்கியே மெலிந்துபோகிறவர். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் வயிற்றைக் கட்டினால் மூச்சு இழுக்கிற தசையே கரைந்துவிடும். மெலிந்த மனிதருக்குப் பத்தியம் வேண்டாம். எதை மாற்றுவது என்றுதான் பார்க்கவேண்டும்.

கோதுமை மா ரொட்டி மூன்று, கட்டச் சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி, இதுதான் நம் காலைச் சாப்பாடு. ரொட்டியை ஒன்றோ ஒன்றரையோ ஆக்கி, பக்கத்தில் ஒரு முட்டையோ பருப்போ கௌபியோ வையுங்கள். சோற்றைக் குறைத்த இடத்தில் கீரை, போஞ்சி, லீக்ஸ், கோவா போடலாம், அவை நம் மண்ணிலேயே விளைகிறவை. வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு விட இடமில்லாமல் போகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து தடவை. தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணியாகக் குடிக்கப் பழக்கவேண்டும். கருப்பட்டி சீனியைவிட நல்லது என்ற நம்பிக்கை எங்கள் வீட்டிலும் இருந்தது. கித்துள் கருப்பட்டியானாலும் மீட்டரில் ஏறத்தான் செய்யும்.

மூச்சு வாங்கிச் சாப்பிட முடியாமல் இருக்கிற நாளில், வழக்கமான சீனி மாத்திரையையோ இன்சுலினையோ கொடுக்கும் முன் மீட்டரைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ கேளுங்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால்

சிஓபிடிக்காரர் எப்போதும் இருமுகிறவர்தான். ஆனால் இருமல் வழக்கத்தைவிட மாறி இரண்டு வாரம் தாண்டினால், இரவில் வேர்த்தால், எடை இறங்கினால், சளியில் இரத்தம் கண்டால், சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வருகிற வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அடிக்கடி ஸ்டீரொயிட் போடுகிறவருக்கு இன்னும் கவனம் வேண்டும். மாவட்ட நெஞ்சு கிளினிக்கில் இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று தள்ளிப்போடுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த ஒருநாள் சம்பளத்தின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரே அறையில் பேரப்பிள்ளைகளும் படுக்கிறார்கள்.

பைக்குள் என்ன இருக்கவேண்டும்

எங்கள் பையில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு கிளினிக் கொப்பியும் ஒரு ரப்பர் பட்டையில் சேர்த்து. கடைசி டயக்னோசிஸ் கார்டு. மருந்துகளின் வெற்று அட்டைகள், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காட்டலாம் என்பதற்காக. மீட்டர், ஸ்ட்ரிப், ஊசி. பம்ப், அதில் மாட்டி இழுக்கிற ஸ்பேசர் குழாய். ஒரு சின்னப் பொலித்தீனில் முடிச்சுப் போட்டுக் கட்டிய சீனி. அடையாள அட்டையின் பிரதி. நீலப் பேனா ஒன்று, ஏனென்றால் தேவையான நேரத்தில் பேனா கிடைப்பதே இல்லை. நெஞ்சுக் கொப்பியின் அட்டையில் பெரிய எழுத்தில் 'சீனி உண்டு' என்றும், சீனிக் கொப்பியின் அட்டையில் 'சிஓபிடி, ஸ்டீரொயிட் போட்டால் சீனி ஏறும்' என்றும் எழுதியிருக்கிறேன். போன மாதம் சீனி கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அந்த அட்டையை வாசித்துவிட்டு, "மற்றக் கொப்பியும் கொண்டுவந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.